வெயில் பார்த்து வண்ணம் கரை

வாட்டர் கலர் பழக வேண்டும் என்று வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்த கலர் பாக்ஸ் வாங்கலாம்?" அடுத்தது, "எந்த பிரஷ்?" எத்தனை மணிக்கு உட்காரலாம் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. கும்பகோணத்தில் எனக்குச் சொல்லிக்கொடுத்த டிராயிங் சார் அதைத்தான் முதலில் சொல்வார். நீர்வண்ணம் பற்றி அவர் சொன்னதையெல்லாம் சேர்த்து வைத்தால் பாதிக்கு மேல் வெயில், காற்று, ஈரம் பற்றியதாகவே இருக்கும். கலரைப் பற்றி அவர் பேசியது கொஞ்சம்தான்.

எண்பதுகளின் கடைசி. பள்ளிக்கூடம் விட்ட பிறகு, அரசுத் தொழில்நுட்பத் தேர்வுக்குப் போகிற பிள்ளைகளை உட்காரவைத்து சார் வகுப்பெடுப்பார். ஃப்ரீஹேண்ட் அவுட்லைன், மாடல் டிராயிங், ஜியாமெட்ரிகல் டிராயிங், பெயின்டிங். லோயர், ஹையர் இரண்டும் பாஸ் செய்துவிட்டு டிடிசி என்ற ஆசிரியர் பயிற்சியையும் முடித்தால் டிராயிங் மாஸ்டர் வேலை கிடைக்கும் என்பது எங்கள் அப்பாக்களின் கணக்கு. பரீட்சைக்கு வேண்டியதை சார் குறைவில்லாமல் சொல்லிக்கொடுத்தார். ஆனால் அவர் மனசு ஞாயிற்றுக்கிழமைகளில்தான் இருந்தது. விடியும் முன்பே சைக்கிளில் கிளம்பிவிடுவார். விருப்பம் இருக்கிறவன் பின்னாலேயே போகலாம். காவிரிப் படித்துறை, மகாமகக் குளத்தைச் சுற்றியுள்ள பதினாறு மண்டபங்களில் ஏதாவது ஒன்றின் நிழல், சில நாள் தாராசுரம்.

அவருடைய சரக்கு ஒரு துணிப்பையில் அடங்கிவிடும். கேமல் ட்யூப்கள் ஏழெட்டு. பேலட்டுக்கு, ஓரம் சில்லு பெயர்ந்த வெள்ளை எனாமல் தட்டு. தண்ணீருக்கு இரண்டு ஹார்லிக்ஸ் பாட்டில்: ஒன்று பிரஷ் கழுவ, மற்றது கலர் கரைக்க; இரண்டையும் மாற்றினால் திட்டு விழும். பழைய வேட்டித் துணி ஒரு துண்டு, கிளிப் போட்ட பலகை, டூ-பி பென்சில். பிரஷ் மூன்றே மூன்று. அதில் பெரியது கீரி முடி பிரஷ். நீர் முழுக்க வாங்கினாலும் நுனி ஊசியாக நிற்கும். அந்த பிரஷை இன்று யாரும் தேடக் கூடாது. கீரி, வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் பிராணி. அதன் முடியில் பிரஷ் செய்வதும் விற்பதும் குற்றம். இப்போது வரும் செயற்கை இழை பிரஷ்களில் பன்னிரண்டாம் எண் ரவுண்ட் ஒன்று, ஆறாம் எண் ஒன்று, வானத்துக்கு ஓர் அங்குலப் பட்டை பிரஷ் ஒன்று இருந்தால் பல வருஷம் ஓட்டலாம்.

படம் வரையவே விடாமல் அவர் நடத்திய முதல் பாடம் ஃப்ளாட் வாஷ். தாளில் பென்சிலால் ஒரு கட்டம். அதற்குள் ஒரே நீலம், மேலிருந்து கீழ்வரை, திட்டு இல்லாமல், கோடு இல்லாமல். கேட்டால் சுலபம்போல் தோன்றும்.

முதலில் தட்டில் கலரைக் கரைக்க வேண்டும். தேவை என்று தோன்றுவதைப் போல இரண்டு மடங்கு. பாதியில் தீர்ந்து மறுபடி கரைத்தால் அந்த நீலம் இந்த நீலத்தோடு ஒட்டாது. கரைப்பதற்குள் தாளும் காய்ந்துவிடும். பலகையின் மேல் முனைக்கு அடியில் அரைச் செங்கல் ஒன்றை வைத்துச் சரிவாக்குவார். பிரஷில் கலரை நிறைத்து இடமிருந்து வலமாக ஓர் இழுப்பு. சரிவினால் கலர் கீழே இறங்கி, இழுப்பின் அடியில் வேட்டிக் கரை போல ஒரே கோடாகத் திரண்டு நிற்கும். அடுத்த இழுப்பு அந்தக் கரையைத் தொட்டுக்கொண்டே போக வேண்டும். கரை ஒரு வரி கீழே இறங்கும். அதற்கடுத்து இன்னொரு வரி. கடைசி வரி வந்ததும் பிரஷைத் துணியில் ஒற்றிவிட்டு, பிழிந்த நுனியால் மிச்சக் கரையை உறிஞ்சி எடுக்க வேண்டும். எடுக்காமல் விட்டால் அது மெல்ல மேலே ஏறி, காய்ந்துகொண்டிருக்கும் இடத்தில் பூ பூத்துவிடும்.

"கரை உடையக் கூடாதுடா. உடைஞ்சா நிறுத்திடு. திரும்பிப் போய்த் தடவாத. தடவினா ரெண்டு தப்பு ஆயிடும்" என்பார்.

கிரேடட் வாஷ் என்பது இதே பாடத்தின் அடுத்த படி. ஒவ்வொரு வரிக்கும் பிரஷில் கொஞ்சம் தண்ணீர் கூட்டிக்கொண்டே போனால் நீலம் வெளுத்துக்கொண்டே இறங்கும். உச்சியில் அடர்நீலம், தொடுவானத்தருகே வெளிறல் என்று வானம் தானாக வந்துவிடும். இந்த இரண்டு வாஷும் கைக்கு வந்தால் நீர்வண்ணத்தில் பாதி வேலை முடிந்தது. நான் அப்போது நம்பவில்லை. இப்போது என்னிடம் வருகிறவர்களும் நம்புவதில்லை.

மீதிப் பாதி, தாளின் ஈரத்தைப் படிப்பது. பலகையைக் கண் மட்டத்துக்குத் தூக்கி, வெளிச்சத்துக்கு எதிராகச் சாய்த்துப் பார்க்கச் சொல்வார் சார். தண்ணீர் குளமாக நின்றால் எதையும் தொடக் கூடாது. போடுகிற கலர் மிதந்து எங்கேயோ போய்ச் சேரும். குளம் வற்றித் தாள் முழுக்க ஒரே மினுமினுப்பாக இருக்கிறதா, அதுதான் நேரம். இப்போது கலர் வைத்தால் ஓரம் கரைந்து மென்மையாகப் பரவும். மேகம், தூரத்துத் தோப்பு, ஆற்றில் விழும் பிம்பம் எல்லாம் இந்த வேளையில்தான். மினுப்பு மங்கி, தொட்டால் சில்லென்று மட்டும் இருக்கிற வேளை ஆபத்தானது. அப்போது நீர் நிறைந்த பிரஷ் பட்டால், புதுத் தண்ணீர் பழைய கலரைத் தள்ளிக்கொண்டு போய் காலிஃபிளவர் பூ மாதிரி ஒரு கறையை விட்டுவிடும். தண்ணீர் குறைந்த கெட்டிக் கலரை மட்டும்தான் அப்போது வைக்கலாம். முழுக்கக் காய்ந்த பிறகு போட்டால் ஓரம் கத்தியாக நிற்கும். ஜன்னல் விளிம்பு, தென்னங்கீற்று, படகின் கயிறு அதற்கு. காய்ந்ததா என்று பார்க்கப் புறங்கையைத் தாளில் வைக்க வேண்டும். குளிர்ந்தால் ஈரம் இன்னும் போகவில்லை.

சார் ஒற்றை வரியில் முடிப்பார்: "பேப்பர்ல இருக்கற ஈரத்தைவிட பிரஷ்ல ஈரம் கம்மியா இருக்கணும்."

காய்ந்த வாஷைச் சுற்றி ஓரம் மட்டும் ஏன் கறுத்துப்போகிறது என்பதற்கு அவரிடம் விளக்கம் இல்லை. அனுபவம் மட்டும் இருந்தது. விளக்கம் பிறகு வந்தது. மேஜையில் சிந்திய காப்பி காய்ந்தால் விளிம்பில் வளையம் விழுவது ஏன் என்று சிகாகோ பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் ஆராய்ந்து 1997இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். துளியின் விளிம்பில் நீர் ஆவியாகிற வேகத்தை ஈடுகட்ட நடுவிலிருந்து நீர் ஓரத்துக்கு ஓடுகிறது. மிதக்கும் துகள்களையும் இழுத்துக்கொண்டு போய் அங்கே சேர்க்கிறது. நீர்வண்ணம் என்பது கருவேல இனத்துப் பிசினில் குழைத்த நிறத்துகள்தானே. குளமாக நிற்கிற இடத்தைத் துணியால் ஒற்றி எடு என்று சார் நச்சரித்ததன் காரணம் எனக்கு அந்தக் கட்டுரையைப் பற்றிப் படித்தபோதுதான் பிடிபட்டது.

இத்தனைக்கும் எதிரி சித்திரை வெயில். லைப்ரரியில் இருந்த இங்கிலீஷ் புத்தகம் ஒன்றில், வானத்துக்கு வாஷ் போட்டுவிட்டு நிதானமாகக் காத்திருந்து மேகத்தைச் சேர்க்கச் சொல்லியிருந்தது. சார் சிரித்தார். "அவன் ஊர்ல மழை தூறிக்கிட்டே இருக்கும். இங்க நீ பிரஷைத் திரும்ப முக்கறதுக்குள்ள காஞ்சிடும்." கும்பகோணத்தில் மே மாதம் பத்து மணிக்கு மேல் கரை நிற்காது. இரண்டாவது இழுப்பு வருவதற்குள் முதல் இழுப்பு கோடாகிவிடும். காவிரியில் தண்ணீரும் இருக்காது. மேட்டூர் திறந்து ஆறு நனைகிற வரை மணல்தான். அந்த மாதங்களுக்கு சாரிடம் தனிச் சட்டம் இருந்தது.

பெரிய தாள் கூடாது. முழு இம்பீரியல் என்பது 22க்கு 30 அங்குலம். அதை எட்டாக வெட்டிய துண்டு போதும். தாளின் முதுகுப் பக்கத்தையும் நனைத்து, பலகையில் ஈரத்துணி விரித்து அதன்மேல் படியவைத்தால் கீழிருந்து ஈரம் ஏறிக்கொண்டே இருக்கும். கலர் கரைக்கிற பாட்டிலில் மருந்துக்கடை கிளிசரின் ஒரே ஒரு சொட்டு. அது காய்வதைத் தாமதப்படுத்தும். இரண்டு சொட்டு விட்டால் படம் நாள் முழுக்கப் பிசுபிசுக்கும். சிறிய பிரஷைப் பைக்குள்ளேயே விட்டுவிட வேண்டும். இதற்கெல்லாம் மேலாக, நாம் நிழலில் உட்கார்ந்தால் போதாது, பலகையும் நிழலில் இருக்க வேண்டும். வெள்ளைத் தாளில் நேர்வெயில் அடித்தால் கண் கூசும். எந்தக் கலரும் வெளிச்சமாகத் தெரியும். நாம் இன்னும் இன்னும் கறுப்பேற்றுவோம். வீட்டுக்குள் கொண்டுவந்து பார்த்தால் படம் இருட்டடித்துக் கிடக்கும்.

ஒன்பது மணிக்கு அவர் கடையைக் கட்டிவிடுவார். அதற்குமேல் பென்சில் வேலை மட்டும். நம் ஊர் வெயிலில் படம் எழுத வந்த வெள்ளைக்காரர்களும் இதைத்தான் செய்தார்கள் என்பதைப் பல வருஷம் கழித்துப் படித்தேன். 1792இல் தெற்கே மதுரை, திருச்சி என்று சுற்றிய தாமஸ் டேனியலும் சகோதரர் மகன் வில்லியமும் களத்தில் எடுத்தது பென்சில் கோடும் மெல்லிய வாஷும்தான். 'ஓரியன்டல் சீனரி' என்று பெயர் வாங்கிய பெரிய வண்ண அச்சுப் படங்கள் லண்டன் திரும்பிய பிறகு ஆனவை. அபத்தக் கவிதைகளால் பெயர்பெற்ற எட்வர்ட் லியர் தொழிலால் நிலக்காட்சி ஓவியர். 1873 முதல் 1875 வரை இந்தியாவைச் சுற்றி வந்தவர் தென்னகத்துக்கும் வந்தார். வேகமாகப் பென்சிலில் போட்டு, படத்துக்குள்ளேயே இங்கே இந்த நிறம், அங்கே அந்த நிறம் என்று எழுதி, தேதியும் நேரமும் குறித்துக்கொள்வார். மையும் வண்ணமும் பிறகு, நிழலில் உட்கார்ந்து. முழுப் படத்தையும் வெயிலில் முடிக்க வேண்டும் என்று தொடங்குகிறவர்கள் வைத்துக்கொள்ளும் வைராக்கியம் தேவையே இல்லை.

ஐப்பசி பிறந்தால் எல்லாம் தலைகீழ். அடைமழையில் காற்றே நனைந்திருக்கும். வாஷ் காயவே காயாது. சாருக்கு அதுதான் கொண்டாட்டம். திண்ணையில் உட்கார்ந்து ஈரத்தில் ஈரம் போடுவார்: மழைத் திரைக்குப் பின்னால் கோபுரம், நனைந்த வாழைத் தோட்டம். அவசரமே இல்லை. ஆனால் மழைக்காலத்துக்கும் ஒரு குறை உண்டு. நல்ல தாளில் நீரைத் தடுத்து நிறுத்த ஜெலட்டின் பூசியிருப்பார்கள். ஈரக்காற்று பட்டுக்கொண்டே இருந்தால் அது கெட்டு, தாளில் அங்கங்கே நீர் பொட்டுப் பொட்டாக உள்ளே இறங்கும். தாளை பிளாஸ்டிக் உறையில் கட்டி, தரையிலிருந்து தூக்கி வைக்க வேண்டும்.

தாளில் மட்டும் சிக்கனம் கூடாது என்பது சாரின் கட்சி; மட்டமான கலரை நல்ல தாள் காப்பாற்றும், நல்ல கலரை மட்டமான தாள் கொன்றுவிடும் என்பார். எங்களுக்குக் கிடைத்தது கார்ட்ரிட்ஜ் பேப்பர். நனைந்தால் அலையலையாக எழும். அதனால் முழுக்க ஊறவைத்து, பலகையில் பசைத்தாள் பட்டையால் நான்கு பக்கமும் ஒட்டிக் காயவைப்போம். காய்ந்ததும் மத்தளத் தோல் போல இழுத்து நிற்கும். இன்று 300 ஜிஎஸ்எம் பருத்தித் தாள் எளிதாகக் கிடைக்கிறது. பாண்டிச்சேரி அரவிந்தர் ஆசிரமத்துக் கைத்தாளும் உண்டு. ஆனால் கைத்தாள் என்ற பெயரைப் பார்த்து மயங்கக் கூடாது. ஒருமுறை சென்னையில் ஒரு கடையில் நல்ல விலை கொடுத்து ஒரு கட்டு வாங்கினேன். பார்க்க அழகு, ஓரமெல்லாம் பஞ்சு பஞ்சாக. முதல் இழுப்பிலேயே கலர் உள்ளே இறங்கிப் பின்பக்கம் எட்டிப்பார்த்தது. பூச்சே இல்லாத தாள். வாழ்த்து அட்டைக்கு ஆகும், வாட்டர் கலருக்கு ஆகாது. கடைக்காரர் திருப்பி எடுக்கவில்லை. அன்று முதல் கட்டாக வாங்குவதற்கு முன் ஒரு தாள் வாங்கி மூலையில் ஒரு சொட்டு நீர் விட்டுப் பார்க்கிறேன். சொட்டு சிறிது நேரமாவது திரண்டு நிற்க வேண்டும்.

கலரைப் பற்றி சார் சொன்ன கொஞ்சத்தையும் சொல்லிவிடுகிறேன். கறுப்பு ட்யூபை அவர் திறக்கவே விடமாட்டார். அல்ட்ராமரைன் நீலத்தையும் பர்ன்ட் சியன்னாவையும் கலந்தால் கருமை வரும். நீலம் கூடினால் மழைமேகம். சியன்னா கூடினால் பழைய கல். தாராசுரம் கோயில் முகமண்டபத்தில் தேர் இழுக்கும் கல்குதிரையை இந்த இரண்டோடு கொஞ்சம் எல்லோ ஆக்கரும் சேர்த்து முடித்துவிடுவார். நிழல் கலரைத் தட்டில் முழுக்கக் கலக்காமல், இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் ஈரத்தாளில் விட்டு அவையே கலக்கும்படி விடுவார். அல்ட்ராமரைனின் துகள் நீரில் திரளும். தாளின் குழிகளில் போய்ப் படியும். கல்லின் சொரசொரப்பு அதிலேயே வந்துவிடும். பச்சைக்கும் தனி ட்யூப் இல்லை. நாற்றங்காலுக்கு லெமன் எல்லோவில் துளி நீலம். பழுத்த தென்னை மட்டைக்கு ஆக்கரில் பிரஷ்யன் நீலம். ஈரமாக இருக்கும்போது தெரிகிற நிறம் காய்ந்தால் வெளுக்கும் என்பதால், ஓரத்துண்டில் ஒரு கோடு இழுத்துக் காயவைத்துப் பார்த்த பிறகே படத்தில் வைப்பார்.

நிறம் நிற்குமா என்பது அந்தக் காலத்தில் யாரும் கேட்காத கேள்வி. சார் எனக்குக் கொடுத்த படித்துறைப் படம் எங்கள் கூடத்தில் கிழக்கு ஜன்னலுக்கு எதிரே பல வருஷம் தொங்கியது. அதில் துணி துவைக்கிற அம்மாள் கட்டியிருந்த குங்குமச் சிவப்புப் புடவை இன்று வெளிறிய ரோஜா நிறம். பக்கத்தில் ஆற்றின் நீலம் மட்டும் போட்டபடி இருக்கிறது. அலிசரின் கிரிம்சன் வெளிச்சத்தில் நிற்காத சிவப்பு. ட்யூபின் முதுகில் பொடி எழுத்தில் பி.ஆர்.83 என்று இருந்தால் அதை விட்டுவிட்டு, பி.வி.19 என்று போட்ட ரோஸ் நிறத்தை வாங்கலாம். படத்தை வெயில் படாத சுவரில் மாட்டுவது அதைவிட முக்கியம்.

வெள்ளை ட்யூபையும் சார் வாங்கியதில்லை. வெள்ளை என்பது தாள். படித்துறையில் ஈரப்படிகள் மேல் பளிச்சென்று விழும் வெளிச்சக் கீற்று, வேட்டி, கொக்கு எல்லாம் தொடாமல் விட்ட இடங்கள். அதனால் படம் தொடங்கும்போதே எதை விடப்போகிறோம் என்று பென்சிலால் குறித்துக்கொள்வார். அவருடைய குருநாதர் எழும்பூர் ஓவியப் பள்ளியில் தேவி பிரசாத் ராய் சௌதுரி முதல்வராக இருந்த நாளில் படித்தவர். ராய் சௌதுரி, கல்கத்தாவில் அவனீந்திரநாத் தாகூரின் மாணவர். அங்கே ஜப்பானிய ஓவியர்களின் பழக்கத்தால் வந்த ஒரு முறை: எழுதிய படத்தை அப்படியே தண்ணீரில் அமிழ்த்தி எடுத்து, மேலே மறுபடி வாஷ் போட்டு, மறுபடி அமிழ்த்துவது. சார் அதைக் குருநாதரிடம் பார்த்திருக்கிறார். எங்களுக்கும் ஒருநாள் காவிரியிலேயே முக்கிக் காட்டினார். மேலோட்டமாக இருந்த கலர் ஆற்றோடு போயிற்று. தாளில் ஊறியது நின்றது. மிச்சமிருந்தது அவர் போட்டதைவிட அமைதியான படம். ஈரத்தில் ஒற்றி எடுத்து நிறம் வெளுக்கலாம், பயப்பட வேண்டாம் என்பதற்கு அதைவிடப் பெரிய பாடம் எனக்குக் கிடைத்ததில்லை.

இப்போது சென்னையில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மொட்டை மாடியில் சிலருக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். இந்த ஊர் வேறு. வெயில் கும்பகோணத்துக்குக் குறையாது. ஆனால் கடல் ஈரம் காற்றில் இருப்பதால் தாள் காய நேரம் எடுக்கிறது. சார் சொன்ன கிளிசரின் இங்கே வேண்டாம். சில நாள் ஹேர் டிரையர் வேண்டியிருக்கிறது. வருகிறவர்கள் கைபேசியில் பார்த்த வீடியோக்களில் எங்கோ குளிர்நாட்டு ஓவியர் செய்வதை அப்படியே செய்துவிட்டு, எனக்கு மட்டும் ஏன் திட்டு விழுகிறது என்று கேட்கிறார்கள். பாக்ஸ் சரிதான், பிரஷும் சரிதான். அந்த ஓவியருடைய காற்றுதான் இங்கே இல்லை.

ஆகவே நான் கொடுக்கும் முதல் வீட்டுப்பாடம் இது. ஒரே நீலம், ஒரே அளவுக் கட்டம். விடிகாலை, உச்சி, சாயங்காலம் என்று மூன்று வேளை ஃப்ளாட் வாஷ் போட வேண்டும். ஒவ்வொன்றின் பின்னாலும் மாதம், மணி, வெயிலா நிழலா, காற்று இருந்ததா, மினுப்பு எவ்வளவு நேரம் நின்றது என்று எழுதிவைக்க வேண்டும். அடுத்த மாதமும் அதே. நாலு பருவமும் சுற்றி வந்த பிறகு அந்தக் கட்டைப் புரட்டினால், நம் வீட்டு மாடியில் எந்த வேளையில் மேகம் போடலாம், எப்போது ஜன்னல் கம்பி போடலாம் என்று தெரிந்துவிடும்.

ரயில்வேயில் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இதை டைம்டேபிள் மாதிரி ஒழுங்காக எழுதிவருகிறார். போன வாரம் அவர் கட்டைப் புரட்டினேன். திட்டும் கோடுமாக இருந்த ஒரு நீலக் கட்டத்தின் பின்னால் அவர் எழுதியிருந்தது: "வைகாசி. பகல் பன்னிரண்டு. வெயில். இனி வேண்டாம்."

சாராக இருந்தால் அதற்கு நூற்றுக்கு நூறு போட்டிருப்பார்.